அகலிகையா, பூங்குழலியா, கண்ணகியா: புதிதாகப் படிக்க வருபவர் கையில் முதலில் எந்தக் கதையைக் கொடுப்பது?

பள்ளத்தூரில் என் ஆயா (பாட்டி) வீட்டு வளவில் (நடு முற்றத்தில்), மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பெண்கள் கூடிக் கதை வாசிக்கிறோம். ஒருவர் வாய்விட்டு வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். வாசிப்பதெல்லாம் ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த ஒரு கதையிலிருந்து கிளைத்த கதைகள். இளையவர்கள் ஃபேன் ஃபிக்ஷன் என்கிறார்கள். எங்கள் வளவில் அதற்குக் கிளைக்கதை என்று பெயர். நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: கதையின் நடுவில் ஒரு பெண் நிற்க வேண்டும்.

வரும் பங்குனியில், காரைக்குடிக் கம்பன் விழா முடிந்த வாரம், புதிதாக மூன்று பேர் சேர்கிறார்கள். ஒருவர் தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. ஒருவர் என் அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி. மூன்றாமவள் கல்லூரியில் படிக்கும் பெண். மூவரும் தனித்தனியாகக் கேட்டது ஒரே கேள்விதான்: "முதல்ல எதைப் படிக்கட்டும்? யாரு எழுதுனதைப் படிக்கட்டும்?" அதற்குப் பதில் தேடி எங்கள் சிட்டையை ஒரு வாரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றாட வரவு செலவை அன்றைக்கே குறித்து வைக்கும் கணக்குக்கு இங்கே சிட்டை என்று பெயர். அதிலிருந்து எடுத்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நாங்களும் வாசித்த கதையை அன்றைக்கே சிட்டையில் எழுதிவிடுவோம். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லி யாராவது கேட்ட கதை மட்டும் பேரேட்டுக்குப் போகும். மூன்று வருடத்தில் சிட்டையில் நூற்றுக்கு மேல் ஏறியிருக்கிறது. பேரேட்டில் பத்தொன்பதுதான். நான் சிபாரிசு செய்வதெல்லாம் இந்தப் பத்தொன்பதிலிருந்து.

புரட்டிப் பார்த்தால் கதைகள் நான்கு வழியில் பிரிகின்றன. மூலக் கதை முடிந்த இடத்திலிருந்து மேலே போகும் தொடர்ச்சி. நடந்ததையே அவள் கண்ணால் திரும்பப் பார்க்கும் மறுபார்வை. மூலக் கதை சொல்லாமல் விட்ட ஒரு இரவையோ ஒரு பகலையோ எழுதும் இடைவெளிக் கதை. அப்புறம், அதே பெண்ணைத் தூக்கி வேறு காலத்தில் வேறு ஊரில் வைக்கும் மாற்றுக் கதை; இதை ஏயூ (ஆல்டர்நேட் யுனிவர்ஸ்) என்கிறார்கள்.

இதையெல்லாம் படிப்பதே மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு நான் கம்பனைத்தான் காட்டுவேன். 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம். வான்மீகத்தில் வாலி இறந்த பிறகு தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பனோ அவளை அணிகலன் துறந்த கைம்பெண்ணாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கோபத்தோடு வந்த இலக்குவன் அவளைப் பார்த்ததும் ஊரில் இருக்கும் தன் தாய்மாரை நினைத்துக் கலங்கிப்போகிறான். விழா மேடையில் அந்த இடத்தை யார் எடுத்துச் சொன்னாலும் எனக்குக் கண் நிறையும். ஆனால் ஒன்று கவனியுங்கள். இரண்டு கவிகளும் தாரைக்கு இரண்டு வேறு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். இரண்டிலுமே தாரை என்ன விரும்பினாள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் நாங்கள் தேடும் கதை தொடங்குகிறது.

அதனால் பெண் பெயரில் தலைப்பு இருந்தால் மட்டும் பெண் மையக் கதை ஆகிவிடாது. நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். கதையிலிருக்கும் ஆண்களையெல்லாம் ஒரு மத்தியானம் வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு அந்த வீட்டில் நினைக்கவும் செய்யவும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? செட்டிநாட்டில் இந்தச் சோதனை நம் பாட்டிமார்கள் நிஜமாகவே வாழ்ந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஆண்கள் வருடக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை அத்தனை பெரிய வீட்டையும் பெண்கள்தான் நடத்தினார்கள்.

சரி, தொடர்ச்சியில் ஆரம்பிக்கிறேன். 'பொன்னியின் செல்வன்' 1950-இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை வருடம் வந்தது. முடிந்ததும் வாசகர்கள் 'அப்புறம் என்ன ஆயிற்று' என்று கேட்டுத் தள்ளியதால், முடிவுரையில் கல்கியே பாத்திரம் பாத்திரமாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பின்னாளில் விக்கிரமன் குந்தவையை முன்னால் நிறுத்தி 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இப்போது ஃபேன் ஃபிக்ஷன் எழுதும் பெண்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். தொடர்ச்சியின் பலம், பழகிய ஆட்களோடு பழகிய நடையில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம் என்பது. பலவீனம், எத்தனை ஆசையோடு குந்தவையிடம் தொடங்கினாலும் சிம்மாசனமும் சூழ்ச்சியும் கதையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டுவிடும். நீளமும் அதிகம். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் கொடுத்தனவும் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும்' என்று வெட்டச் சொல்கிறான். தன் பெயருக்கு அடுத்து அக்கா, அதற்குப் பிறகுதான் அரசியர். அக்கன் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நுழைந்து, கொடுப்பதற்கு முன் குந்தவை உட்கார்ந்து போட்ட கணக்கை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அப்படி இரண்டு சிறு தொடர்ச்சிகள் எங்கள் பேரேட்டில் உண்டு. மற்றவை, ஐந்து பாகத்தையும் நாலு தடவை படித்தவர்களுக்குத்தான் இனிக்கும்.

மறுபார்வை நேர் எதிர். சின்னதாக வந்து ஆளைச் சாய்த்துவிடும். தமிழில் இதற்கு உச்சம் என்று நான் நினைப்பது புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாபவிமோசனம்'. அவரை யாரும் ஃபேன் ஃபிக்ஷன் எழுத்தாளர் என்று சொல்வதில்லை. ஆனால் கல்லிலிருந்து எழுந்த அகலிகை அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டதைவிட நல்ல கிளைக்கதைக் கேள்வி எனக்குத் தெரியவில்லை. சாபம் தீர்ந்துவிட்டது, ஆனால் ஊர் பார்வை தீரவில்லை. கோதமரும் அவளும் ஒருவரை ஒருவர் புண்படுத்தக் கூடாது என்று பயந்து பயந்து பேசுகிறார்கள். ராமன் அவளுக்குப் பிள்ளை மாதிரி, அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே பிடிமானம். காடும் போரும் முடிந்து சீதை அவளைப் பார்க்க வருகிறாள். பேச்சுவாக்கில் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவனா கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. கடைசியில் அவள் மறுபடி கல்லாகிறாள்.

இதை முதல் தடவை வாய்விட்டு வாசித்தபோது கடைசி அரைப் பக்கத்தில் என் குரல் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர் புத்தகத்தை வாங்கி முடித்தார். அன்றைக்கு யாரும் பணியாரத்தைத் தொடவில்லை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது அம்பையின் 'அடவி'. கணவனை விட்டுத் தனியே காட்டுக்குப் போகும் ஒரு பெண், அங்கே உட்கார்ந்து சீதையின் கதையைத் தானே எழுதுகிறாள். எழுதும் பெண்ணும் எழுதப்படும் பெண்ணும் ஒரே காட்டில் நடப்பதைப் பார்க்கலாம். ஃபேன் ஃபிக்ஷன் எழுதும் ஒவ்வொரு பெண்ணும் அதைப் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆனால் முதல் நாளே கொடுக்க மாட்டேன். நிதானமாகப் படிக்க வேண்டிய நீண்ட கதை அது.

மறுபார்வையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கோபம் மட்டும் வைத்து எழுதினால் கதை வழக்காடு மன்றம் ஆகிவிடும். கைகேயி, சூர்ப்பணகை, மண்டோதரி என்று வரிசையாக வந்து வாதாடிவிட்டுப் போவார்கள். சிட்டையில் அப்படி இருபது கதை இருக்கிறது, பேரேட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அகலிகை கதை நிற்பதற்குக் காரணம், அதில் கோதமரும் வருந்துகிற மனிதராகவே இருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது வழிதான். இடைவெளிக் கதை எழுதுபவர் மூலத்தை வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். எங்கே மூச்சு விட இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே நுழைய முடியும். 'பொன்னியின் செல்வ'னில் அப்படி இடம் வைத்திருக்கும் பெண்கள் நிறைய. கோடிக்கரையில் படகோட்டும் பூங்குழலி, கடலில் தனியாக இருக்கும்போது என்ன நினைப்பாள்? கடம்பூர் மணிமேகலை, வந்தியத்தேவன் மடியில் தலை வைத்து இறப்பதற்கு முன் ஒரு சாதாரண நாளில் எப்படி இருந்தாள்? கொடும்பாளூர் வானதி நமக்கு அக்கம்பக்கத்துப் பெண் மாதிரி. புதுக்கோட்டைப் பக்கம் மூவர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். தொட்டதற்கெல்லாம் மயங்கி விழும் பெண்ணாக வருபவள், சோழ சிம்மாசனத்தில் உட்கார மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அந்தச் சபதத்துக்கு முந்தின இரவை மட்டும் மூன்று பேர் மூன்று விதமாக எழுதிப் படித்திருக்கிறேன்.

பேரேட்டில் முதல் பெயர் மந்தாகினிக்கு. ஊமை ராணி. காது கேட்காது, பேச்சு வராது. தன் கதையைச் சித்திரமாக எழுதிக் காட்டியவள். காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை எடுத்துக் கரை சேர்த்த அந்தப் பொழுதை, அவளே சொல்வதாக ஒரு பெண் எழுதியிருக்கிறார். கதை முழுவதும் ஒரு சத்தம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. தண்ணீரின் கனம், ஈரத் துணி கையில் இழுக்கும் இழுப்பு, படகில் இருப்பவர்களின் வாய் திறந்து மூடுவது, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கையால் தொட்டுப் பார்ப்பது. இவ்வளவுதான். இருபது நிமிடக் கதை.

அதை வாசித்த அன்று, தொண்ணூறைத் தாண்டிய ஆயா தூணோரம் உட்கார்ந்து சுளகில் உளுந்து வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆத்தங்குடித் தரையில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. கதை பாதியில் இருக்கும்போது விரல் நின்றது. "கொஞ்சம் நிப்பாட்டு ஆத்தா" என்றார்.

"எங்க ஆத்தாவுக்குப் பேச்சு வரும். எழுத்து வராது. அப்பச்சி ரங்கூன்ல இருந்து காயிதம் போட்டா, கணக்கப்பிள்ளை பட்டாலையில உக்காந்து வாசிப்பாரு. ஆத்தா கதவுக்கு அங்கிட்டு நின்னு கேப்பாக. பதிலும் அவருதான் எழுதுவாரு. மனசுல இருக்குறதையெல்லாம் அவருகிட்டச் சொல்ல முடியுமா? 'இங்கே யாவரும் சேமம்'னு எழுதச் சொல்லிட்டு உள்ளே போயிருவாக. அம்புட்டுத்தான்."

மறுபடி உளுந்தில் கை வைத்துக்கொண்டு, "ம், வாசி" என்றார்.

மந்தாகினி கதையை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வதற்கு அந்த மத்தியானமும் ஒரு காரணம். ஆனால் மூலம் தெரியாதவர் கையில் இதைக் கொடுத்தால் யார் குழந்தை, எந்த ஆறு என்று திணறுவார். இடைவெளிக் கதையின் குறை அது ஒன்றுதான். பெரிய குறையும்கூட.

மாற்றுக் கதைகள் என் அண்ணன் மகளின் ராஜ்யம். "அயித்தை, இதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம், அப்படியே படிக்கலாம்" என்பாள். உண்மைதான். அவள் கொண்டுவந்ததில் நெஞ்சில் நின்றது ஒரு கண்ணகி கதை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை. இந்தக் கதையில் இருவரும் இன்றைய காலத்தில், ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாமல் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மதுரை வரை வருகிறார்கள். ஒருத்தி கையில் ஒற்றைச் சிலம்பு விற்ற ரசீது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புகார் வணிகர் வீட்டுப் பெண் கண்ணகி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அதனாலோ என்னவோ, மேலூர் நிறுத்தத்தில் மாதவி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டும் இடத்தில் எல்லோரும் அழுதோம்.

ஆனால் மாற்றுக் கதை என்ற பெயரில் வருவதில் பாதி, பழைய பெயர் ஒட்டிய புதுக் காதல் கதை. பெயரை மாற்றிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது கிளைக்கதையே இல்லை. இன்னொன்று, எழுதுபவர் தானே கதைக்குள் ஒரு புதுப் பெண்ணாக நுழைந்துவிடுவது. அவள் வாளும் சுழற்றுவாள், வீணையும் வாசிப்பாள், சோழ நாடே அவள் பின்னால் சுற்றும். ஆங்கிலத்தில் இதற்கு மேரி சூ என்று பெயர். 1973-இல் ஸ்டார் ட்ரெக் ரசிகைகளின் சிறுபத்திரிகை ஒன்றில், இந்த வகையைக் கேலி செய்து பாலா ஸ்மித் எழுதிய கதையின் நாயகி பெயர் அது. அந்தக் கேலி எனக்கு உவப்பில்லை. தனக்குப் பிடித்த கதையில் தனக்கு ஒரு இடம் இல்லை என்று கண்ட பதினைந்து வயசுப் பெண், தானே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறாள். அதில் தப்பு என்ன? அவள் எழுதட்டும், எழுதி எழுதித்தான் கை வரும். சிபாரிசுப் பட்டியலில் மட்டும் அந்தக் கதைகளை நான் முதலில் வைப்பதில்லை.

இந்த வகை எழுத்தே பெரும்பாலும் பெண்கள் கட்டி வளர்த்தது என்பதையும் புதியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 1960-களின் கடைசியில் அமெரிக்கப் பெண்கள் கையால் அச்சடித்துத் தபாலில் அனுப்பிய பத்திரிகைகளிலிருந்து வந்த வழி இது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று, 2009-இல் எல்லோருக்கும் திறந்த ஒரு இணையக் களஞ்சியம் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். 2019-இல் அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அங்கே நம் சோழ நாட்டுப் பெண்களைப் பற்றியும் கதைகள் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் படிக்க வேண்டும் என்றால் பிரதிலிபி, வாட்பேடு என்ற இணையத் தளங்கள்.

'யாரு எழுதுனது' என்ற கேள்விக்கு வருகிறேன். கதையைச் சிபாரிசு செய்வதா, எழுத்தாளரைச் சிபாரிசு செய்வதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவர் வளர்வதைப் பார்க்கலாம். மந்தாகினி கதை எழுதியவரின் முதல் கதை சாதாரணம்தான், ஆறாவது கதையில்தான் அந்த மௌனம் கைகூடியது. கூடவே படித்து வந்தவர்களுக்கு அது தனிச் சந்தோஷம். ஆனால் புதிதாக வருபவரிடம் ஒரு பெயரை மட்டும் கொடுத்தால், அவர் பாதியில் நின்ற தொடரையோ, முற்றிலும் வேறு மாதிரி எழுதியதையோ திறந்துவிட்டு மூடிவிடுவார். அதனால் புதியவருக்குக் கதை, மூன்று கதை படித்தவருக்கு எழுத்தாளர். இது என் முடிவு. இதை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

எனக்குப் பிடித்த எழுத்தாளர்களின் புனைபெயர்களை இங்கே நான் எழுதவில்லை. பலர் வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறார்கள். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஃபோனில் ஒரு விரலால் தட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு நேரில் சொல்வதுதான் முறை. நன்றாக இருந்தால் அவர்களுக்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்த வரி பிடித்தது என்று சொல்லி எழுதுங்கள்.

சிபாரிசு செய்யும்போது நாங்கள் கூடவே சொல்லும் விஷயங்கள் சில உண்டு. கதை முடிந்ததா, நடுவில் நிற்கிறதா. வாசிக்க எவ்வளவு நேரம். மூலத்தை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். வன்முறையோ குழந்தை இழப்போ வருகிறதா. கடைசியாகச் சொன்னதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். எங்களில் ஒருவர் அப்போதுதான் பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், அப்படி ஒரு கதையின் நடுவில் அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றார். அதற்குப் பிறகு ஒரு வரி எச்சரிக்கை இல்லாமல் எந்தக் கதையும் வளவுக்குள் வருவதில்லை.

ஆக, யாருக்கு எது? தேவகோட்டை ஆசிரியை 'பொன்னியின் செல்வ'னை மாணவிகளுக்கு மனப்பாடமாகச் சொல்பவர். அவருக்கு நேராக மந்தாகினி. அண்ணமிண்டி படம் பார்த்ததோடு சரி. படத்தில் மணிமேகலையே கிடையாது, அதனால் அவள் கதைகள் இப்போதைக்கு வேண்டாம். பூங்குழலி கடலில் தனியாக இருக்கும் சின்னக் கதை அவருக்குப் பொருந்தும். பூங்குழலி யாரென்று தெரியும், மிச்சத்தைக் கடல் சொல்லிவிடும். கல்லூரிப் பெண்ணுக்கு அந்தப் பேருந்துக் கண்ணகி. தொடர்ச்சி வகை மூவருக்குமே இப்போது வேண்டாம். வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து, ஆளாளுக்கு ஒரு பாகமாக.

ஆனால் முதல் சனிக்கிழமை எல்லோருக்கும் பொதுவாக 'சாபவிமோசனம்'தான். ராமாயணம் தெரியாதவர் அந்த வளவில் யாரும் இருக்கப்போவதில்லை. கம்பன் விழாவில் அகலிகைப் படலத்தைக் கேட்டுவிட்டு வந்த சூடும் ஆறியிருக்காது. ஒரே உட்காரலில் முடிந்துவிடும், பேசச் சாயங்காலம் முழுக்க இருக்கும். கடைசி அரைப் பக்கத்தை இந்தத் தடவை அண்ணன் மகள் வாசிப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆயாவுக்கு அகலிகை கதை பழசு. "அது ஆனதும் அந்த ஊமைப் புள்ளை கதையை இன்னொரு தடவை வாசிங்க" என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார். ஃபோனை வைத்துக்கொண்டு வாசித்தால் எழுத்துத் தெரியவில்லை என்று அவர் எட்டிப் பார்ப்பதால், பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுக்கக் காரைக்குடிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.